மிட்வைஃபரி (பிரசவம் பாக்குற நர்சிங்) மேல்படிப்பு, வழி சொல்லுங்கக்கா
அக்காமார்களுக்கு வணக்கம், நான் உசிலம்பட்டி பக்கம் ஒரு பி.எச்.சி-ல (ஆரம்ப சுகாதார நிலையம்) ஸ்டாஃப் நர்ஸ், பி.எஸ்சி முடிச்சு லேபர் ரூம்லயே 6 வருசம் ஓடிருச்சு. இப்ப எம்.எஸ்சி ஓபிஜி (மகப்பேறு நர்சிங்) 2 வருசம் படிக்கிறதா, இல்ல நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி 18 மாசம் போறதான்னு ஒரே குழப்பமா இருக்கு, எம்.எஸ்சி முடிச்சா காலேஜ்ல டீச்சிங் போயிரலாம்ங்கிறாங்க ஆனா எனக்கு பிரசவம் பாக்குறத விட மனசில்ல. போன வாரம் ராத்திரி ஒரு தலைப்பிரசவம், அந்தப் புள்ள பயந்துபோயி என் கைய விடவே இல்ல, மல்லாக்கப் போடாம ஒருக்களிச்சுப் படுக்கவச்சு இடுப்ப நீவிவிட்டுக்கிட்டே இருந்தேன், விடியக்காலைல நல்லபடியா பெத்தா. இத நான் முறையா படிக்கணும்க்கா. வேலைல இருந்துக்கிட்டே போய் படிச்சவங்க இருக்கீங்களா? லீவு எப்படி வாங்குனீங்க, சம்பளம் வந்துச்சா, முடிச்சப்புறம் லேபர் வார்டுலயே போஸ்டிங் குடுத்தாங்களா? வீட்டுல கைக்குழந்த இருக்கு, மதுரைய விட்டு தூரமா போகாம படிக்க வழியிருந்தா அதையும் சொல்லுங்க.