சென்ட்ரோசோம் இல்லாமலும் செல் பிரியுமா?

கேள்வி: செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிரின் துருவங்களில் இருக்கும் நுண்ணுறுப்பு சென்ட்ரோசோம். அதை இழக்கச் செய்யும் சென்ட்ரினோன் மருந்தைக் கொடுத்தபின் ஆர்பிஇ1 (மனித விழித்திரை நிறமி அடுக்கிலிருந்து வந்த செல்வகை) செல்கள் சில சுற்றில் நின்றுவிடுகின்றன, ஹீலா (கருப்பை வாய்ப் புற்றுநோய் செல்வகை) தொடர்ந்து பிரிகிறது. மருந்து ஹீலாவில் வேலை செய்யவில்லையா?

பதில் 1: செய்கிறது. அது பிஎல்கே4 நொதியை முடக்கிப் புதிய சென்ட்ரியோல் (சென்ட்ரோசோமின் மையத்தில் இருக்கும் சிறு குழல்) உருவாவதை மட்டும் தடுக்கும், பழையதை அழிக்காது. ஜி1 கட்டத்தில் (டிஎன்ஏ இரட்டிப்புக்கு முன்) ஒரு செல்லில் இரண்டு இருந்தால் முதல் பிரிவில் ஆளுக்கு ஒன்று, அடுத்ததில் ஒரு மகள் செல்லுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆர்பிஇ1 நிற்பது கதிர் அமையாததால் அல்ல. மைட்டோசிஸ் (கருப்பிரிவு) நீண்டதும் 53பிபி1, யுஎஸ்பி28 என்ற புரதங்கள் வழியாகப் பி53 (செல் பிரிவைத் தடுக்கும் புரதம்) தூண்டப்பட்டு, செல்லை ஜி1-இல் நிறுத்துகிறது. ஹீலாவில் எச்பிவி (பாப்பிலோமா) வைரஸின் இ6 புரதம் பி53-ஐச் சிதைத்துவிடுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

பதில் 2: நுண்ணோக்கியில் சென்ட்ரியோல்களை எண்ணும்போது காமா டியூபுலின் என்ற சென்ட்ரோசோம் புரதத்தின் சாயத்தை மட்டும் நம்பாதீர்கள். சென்ட்ரியோல் இல்லாத துருவத்திலும் அது திரளும். சென்ட்ரியோலில் இருக்கும் சென்ட்ரின் புரதத்தையும் சேர்த்துச் சாயமேற்றுங்கள். -20 டிகிரி மெத்தனாலில் 5 முதல் 10 நிமிடம் நிலைப்படுத்தினால் புள்ளிகள் தெளியும்.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் விலங்குகள் சென்ட்ரோசோமை ஏன் விடாமல் வைத்திருக்கின்றன?

பதில் 3: முக்கியமாகச் சிலியாவுக்காக (சென்ட்ரியோலிலிருந்து வளரும் மயிரிழை போன்ற செல் நீட்சி) என்பதே என் கருத்து. சென்ட்ரியோல் கட்டத் தேவையான டிசாஸ்-4 மரபணுவை இழந்த பழ ஈ சென்ட்ரியோல் இன்றியே முதிர்ந்த ஈயாகிறது. ஆனால் உணர்வு நரம்புகளில் சிலியா இல்லாததால் ஒருங்கிணைந்து அசைய முடியாமல் விரைவில் சாகிறது. பிளனேரியா என்ற தட்டைப்புழு சென்ட்ரோசோமையே கைவிட்டது, சிலியா தேவைப்படும் செல்களில் மட்டும் சென்ட்ரியோல் கட்டுகிறது. பூக்கும் தாவரங்களில் சென்ட்ரோசோம், சென்ட்ரியோல் இரண்டுமே இல்லை. நீந்தும் விந்தணு கொண்ட சைக்கஸ், பெரணி விந்து உருவாகும்போது மட்டும் அடித்தள உறுப்பை (சிலியாவின் அடியில் இருக்கும் சென்ட்ரியோல்) புதிதாக உருவாக்கும்.