லேகியம் சாப்பிட்டால் 5000 மீட்டரில் மூச்சு தாங்குமா?

பாமணிக்கரை:
மன்னார்குடி பக்கம் ஊர், கல்லூரி இரண்டாம் வருஷம், 5000 மீட்டர் ஓடுகிறேன். போன வருஷம் 20 நிமிஷத்துக்குள் வந்தேன், இப்போது 21 தாண்டுகிறது. எட்டு சுற்று வரை ஒன்றும் தெரியாது, ஒன்பதாவதில் காலில் ஈயத்தை ஊற்றினமாதிரி ஆகிவிடும். சித்தப்பா கும்பகோணத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் லேகியம் வாங்கி வந்திருக்கிறார். அமுக்கரா (அஸ்வகந்தா) சேர்ந்ததாம், குதிரை பலம் வருமாம், காலையும் ராத்திரியும் நெல்லிக்காய் அளவு உருட்டி பாலோடு சாப்பிட வேண்டுமாம். அடுத்த மாதம் பல்கலைக்கழகப் போட்டி இருக்கிறது. சாப்பிடலாமா?

கால்வாய்க்கரை அண்ணன்:
தங்கச்சி, நான் இரண்டு மாதம் அமுக்கரா சூரணம் சாப்பிட்டேன். தூக்கம் நன்றாக வந்தது. நேரமும் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அதே சமயம்தான் மேடு ஏறி ஓடும் பயிற்சியும் ஆரம்பித்தேன் (நம் டெல்டாவில் மேடு எங்கே இருக்கிறது, கல்லணைக் கால்வாய்ப் பாலத்தைத்தான் மேடு என்று ஏறி இறங்குகிறோம்), அதனால் எது வேலை செய்தது என்று சத்தியமாகத் தெரியாது.

சித்த மருத்துவன்:
அமுக்கராவைச் சும்மா ஒதுக்க முடியாது. 2012-இல் 40 இந்திய சைக்கிள் வீரர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 8 வாரம், 500 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை கொடுத்ததில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடியிருந்தது. ஆனால் அது சின்ன ஆய்வு, அதில் கொடுத்தது வேரிலிருந்து எடுத்த சாறு, கடைப் பொடியும் அதுவும் ஒன்றில்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அதைத் தொட வேண்டாம்.

என் கவலை அமுக்கரா இல்லை, கூட என்ன போட்டிருக்கிறார்கள் என்பதுதான். பலத்துக்கு என்று விற்கும் லேகியம் சிலவற்றில் எட்டிக்கொட்டை சேரும். அதில் ஸ்ட்ரிக்னின் என்ற விஷம் இருக்கிறது, சுத்தி செய்தாலும் முழுசாகப் போகாது. போட்டி நேரத்தில் தடை செய்த தூண்டுமருந்துகளின் உலகப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் தாமஸ் ஹிக்ஸ் மாரத்தான் ஓடும்போது வழியிலேயே ஸ்ட்ரிக்னினும் பிராந்தியும் கொடுத்தார்கள், ஜெயித்தார், ஆனால் சாகக் கிடந்தார். இப்போது நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு, NADA) ஆட்கள் வந்து சிறுநீர் மாதிரி கேட்டால், "சித்தப்பா கொடுத்தார்" என்று சொல்லித் தப்ப முடியாது, உடம்பில் இருந்தால் பொறுப்பு உன்னுடையதுதான். டப்பாவைத் திருப்பி என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படி. எழுதியே இல்லை என்றால் தூக்கிப் போடு.

பி.டி. டீச்சர்:
அம்மாடி, லேகியம் இருக்கட்டும், ரத்தம் பார்த்தியா? ஒரு வருஷத்தில் ஒரு நிமிஷம் கூடியிருக்கிறது, பயிற்சி குறையவில்லை என்றால் எனக்கு முதலில் தோன்றுவது ரத்தசோகைதான். மாதாமாதம் போகிற ரத்தம், வியர்வை, ஓடும்போது பாதம் தரையில் அடிக்கிற அடி, எல்லாமே இரும்புச்சத்தைக் குறைக்கும். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல், உடம்பில் இரும்பு எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்று அது காட்டும். சில பிள்ளைகளுக்கு முதலாவது சரியாக இருக்கும், கையிருப்பு காலியாகியிருக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடு, சாப்பாட்டில் உள்ள இரும்பை அது உடம்பில் சேரவிடாது. பரிசோதனை இல்லாமல் நீயாக மாத்திரை வாங்கி முழுங்காதே.

பாமணிக்கரை:
நன்றி டீச்சர், நன்றி டாக்டர். இன்றைக்குப் பார்த்துவிட்டேன், ஹீமோகுளோபின் 9.4. ஃபெரிட்டின் நாளைக்குத்தான் வரும். ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்ததுமே "இதோடதான் இவ்வளவு நாள் ஓடினியா" என்றார். டீயும் ஒரு நாளைக்கு நாலு தடவை, டிபனோடு.

டப்பாவையும் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் பதினாலு சரக்கு, பத்தாவதாக "சு. எட்டிக்கொட்டை", அதாவது சுத்தி செய்தது. நான் இரண்டு உருண்டைதான் சாப்பிட்டிருந்தேன். ஆனால் டப்பா பாதி காலி. மூட்டுவலிக்கு நல்லதாயிற்றே என்று சித்தப்பா தினமும் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சித்த மருத்துவன்:
அவரை இன்றைக்கே நிறுத்தச் சொல்லும்மா. டப்பாவோடு நேரில் வரட்டும்.