அறுபதுகளின் அமெரிக்கக் கல்லூரி நகரங்களில் 'அண்டர்கிரவுண்ட்' மாணவர் பத்திரிகைகள்: எப்படி வந்தன, யார் தடுத்தார்கள்?

மாலினி_வரலாறு (கேள்வி)

வணக்கம். ஆய்வுக்காக அமெரிக்க மாணவர்களின் வியட்நாம் போர் எதிர்ப்பைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் கல்லூரி நகரத்தை எடுத்தாலும் ஒரு 'அண்டர்கிரவுண்ட்' பத்திரிகையின் பெயர் வருகிறது. பல்கலைக்கழகத்திலேயே மாணவர் நாளிதழ் இருந்தபோது இது எதற்கு? காசு ஏது? நிர்வாகம் சும்மா விட்டதா?

செந்தில்_கு

பெயரிலேயே இருக்கிறதே. ரகசியமாக அச்சடித்து, ரகசியமாகக் கைமாற்றியவை. பிடிபட்டால் படிப்பு போய்விடும்.

தாள்வாசி

செந்தில், படிப்பு போன கதை உண்டு. ஆனால் ரகசியம் இல்லை. நான் நூலகத்தில் பழைய இதழ்ப் பிரிவில் இருக்கிறேன், இந்தப் பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிம் சுருள்களோடுதான் என் பொழுது போகிறது. வளாக வாசலில், தெருமுனையில், பட்டப்பகலில் விற்றார்கள். பல பத்திரிகைகளில் அலுவலக முகவரியே அச்சாகியிருக்கும்.

மாலினி, பல இடங்களில் மாணவர் நாளிதழின் பணமும் அறையும் பல்கலைக்கழகத்துடையவை. மேலே ஒரு ஆலோசகர் வேறு. ஈஸ்ட் லான்சிங்கில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அப்படிப்பட்ட நாளிதழிலிருந்து வெளியே வந்த மைக்கேல் கிண்ட்மன் 1965 டிசம்பரில் 'தி பேப்பர்' தொடங்கினார். 1966இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரத்து 'பெர்க்லி பார்ப்' முதலான ஐந்து பத்திரிகைகள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தபோது அதில் இதுவும் ஒன்று. ஒருவர் எழுதியதை மற்றவர் காசு கொடுக்காமல் எடுத்துப் போடலாம் என்பதுதான் ஏற்பாடு. பெர்க்லியில் நடந்ததை அங்கேயே நின்று பார்த்தவர் எழுதியபடி ஈஸ்ட் லான்சிங் மாணவர் படிக்க முடிந்தது.

காசைப் பொறுத்தவரை, ஆஃப்செட் அச்சு இல்லாவிட்டால் இவற்றில் பாதிகூடப் பிறந்திருக்காது என்பேன். ஈய எழுத்துக் கோக்கும் செலவு இல்லை. டைப்ரைட்டரில் அடித்து, பத்தி பத்தியாக வெட்டி, தாளில் ஒட்டி, அதைப் படமெடுத்து பிளேட் போட்டால் போதும். பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வலது ஓரம் சமமாக நிற்காது, ஒரு பத்தி லேசாகச் சாய்ந்திருக்கும், ஒட்டிய துண்டின் விளிம்பு மெல்லிய கோடாக அச்சில் விழுந்திருக்கும், தலைப்பு கையால் எழுதியது. பழுது என்று ஒதுக்காதீர்கள், எப்படிப்பட்ட அவசரத்தில் வேலை நடந்தது என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும். மற்றபடி தெரு விற்பனை, இசைத்தட்டுக் கடை விளம்பரம், நிதி திரட்டும் கச்சேரி, இவைதான் வருமானம்.

நிர்வாகம் சும்மா விடவில்லை. மிசூரி மாநிலம் கொலம்பியாவில் இதழியல் முதுகலை மாணவி பார்பரா பாபிஷ் 1969இல் ஒரு அண்டர்கிரவுண்ட் பத்திரிகையை வளாகத்தில் விநியோகித்தார். அட்டையில் போலீஸாரைக் கடுமையாகச் சாடும் ஆபாசமான கேலிச்சித்திரம், உள்ளே ஒரு தலைப்பில் கெட்ட வார்த்தை. பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. அதே பத்திரிகை நான்கு ஆண்டுக்கும் மேலாகப் பல்கலைக்கழக அனுமதியோடுதான் அங்கே விற்கப்பட்டது என்பதைத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது! 1973இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ரசனைக்கு எவ்வளவு ஒவ்வாததாக இருந்தாலும், நாகரிகத்தின் பெயரால் மட்டும் ஓர் அரசுப் பல்கலைக்கழக வளாகத்தில் கருத்தைப் பரப்புவதை அடைக்க முடியாது என்றார்கள். சில பக்கங்கள்தான், அவசியம் படியுங்கள்.

மாலினி_வரலாறு

மிக்க நன்றி அக்கா. அரசுப் பல்கலைக்கழகம் என்று குறிப்பாகச் சொல்லியிருக்கிறீர்களே, தனியார் என்றால்? அப்புறம், இவற்றை அப்படியே நம்பி மேற்கோள் காட்டலாமா?

தாள்வாசி

பேச்சுரிமை குறித்த, அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் நிர்வாகத்துக்கு எதிராக மாணவருக்கு அந்தப் பிடி இல்லை.

நம்பகம் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. எஃப்பிஐ தானே போலி மாணவர் இதழ்களை நடத்தியது. இண்டியானா பல்கலைக்கழகம் இருக்கும் புளூமிங்டனில் 1968இல் 'ஆர்மகெடான் நியூஸ்', டெக்சாஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டினில் 'லாங்ஹார்ன் டேல்'. மிதவாத மாணவர்கள் எழுதுவதுபோல, போராட்டத்தை வழிநடத்தியவர்களைத் தாக்கி எழுதினார்கள். எஃப்பிஐ பணத்தில் வந்தது வெளியே தெரியாமல் வகுப்புத் தோழர் எழுதியதாக நினைத்து வாங்கிப் படித்தவர்களை எண்ணினால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. எழுபதுகளில் உளவு அமைப்புகளின் அத்துமீறல்களை ஆராய்ந்த, செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான செனட்டின் 'சர்ச் கமிட்டி' விசாரணையில் இதெல்லாம் பதிவானது. ஆகவே ஒரு இதழை மேற்கோள் காட்டுமுன் அதை யார் நடத்தினார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, முதல் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசிப் பக்கங்களில் கட்டாய ராணுவச் சேர்ப்புக்கு ஆலோசனை எங்கே கிடைக்கும், அறைக்கு எவ்வளவு வாடகை, மாணவிகள் விடுதிக்கு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற விதிமேல் புகார் என்று வரும். ஊர்வலத்தில் நடந்தவர்களுக்கு அன்றாடம் என்ன உறுத்தியது என்பது அங்கேதான் கிடைக்கும்.

ரவி_அச்சகம்

அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். பல பத்திரிகைகளை நிறுத்தியது நீதிமன்றம் அல்ல, "இனி அச்சடிக்க மாட்டேன்" என்ற அச்சகக்காரர்தான். வழக்கு வரும் என்ற பயம், சில இடங்களில் எஃப்பிஐயின் நெருக்கடி. 1973இல் கட்டாய ராணுவச் சேர்ப்பும் நின்றதும் எழுத ஆளும் குறைந்தது.

தாள்வாசி

சரியாகச் சொன்னீர்கள் ரவி. மாலினி, ஜேஸ்டோர் என்ற இணைய நூலகத்தில் 'இண்டிபெண்டன்ட் வாய்சஸ்' என்ற தொகுப்பில் அந்தக் கால மாற்றுப் பத்திரிகைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சில ஊர்களை எடுத்துக்கொண்டு, 1970 மே மாத இதழ்களிலிருந்து ஆரம்பியுங்கள். மே 4 அன்று ஓஹையோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவல்படை 13 விநாடி சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். அந்த வாரம் ஒவ்வொரு ஊரும் என்ன எழுதியது என்று ஒப்பிட்டாலே உங்களுக்கு ஒரு அத்தியாயம் கிடைத்துவிடும்.