சின்ன லீக் ஐஸ் ஹாக்கி டீமெல்லாம் நிலைச்சு நிக்க என்ன வழி?

ப்ளூமிங்டன்வாசி
வணக்கம் மக்களே. நாங்க இலினாய்ஸ் ப்ளூமிங்டன்ல இருக்கோம், இங்க இருக்கற பைசன் ஐஸ் ஹாக்கி டீமோட மேட்ச்சுக்கு பையனக் கூட்டிட்டு விடாம போயிட்டிருக்கேன். புதுசுல பக் (அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு) எங்க போகுதுன்னே கண்ணுக்குத் தெரியல, இப்ப ஆஃப்சைடு விசில் வர்றதுக்கு முன்னாடியே பையன் சொல்லிடறான். கண்ணாடிய ஒட்டின சீட்ல உக்காந்தா, ஒருத்தன் இன்னொருத்தன ஓரத்துல இருக்கற போர்டு சுவத்துல அடிச்சுத் தள்றப்ப நம்ம முழங்கால் வரைக்கும் அதிரும்.

போன வாரம் பக்கத்து சீட் பெரியவர்கிட்ட பேசிட்டிருந்தேன், அரங்கம் 2006-ல திறந்ததுலருந்து வர்றாராம். முதல்ல ப்ரெய்ரி தண்டர்னு டீம், 2011-ல முடிஞ்சுது. அப்புறம் ப்ளேஸ், ரெண்டு சீசன். அப்புறம் எஸ்பிஎச்எல்னு ஒரு கீழ் லீக்ல தண்டர், ஒரே ஒரு சீசன். அடுத்து ஜூனியர் டீம், அது ஃப்ளையிங் ஏசஸ்னு பேர மாத்தியும் 2019-ல போயிடுச்சு. 2024-லதான் ஈசிஎச்எல்ங்கற சின்ன லீக்ல டீமா பைசன் வந்துது. ஒவ்வொரு டீமோட ஜெர்சியும் வீட்ல மாட்டி வச்சிருக்கேன்னு அவர் சொன்னப்ப எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. இதுவும் அப்படிப் போயிடக்கூடாதுங்க. சனிக்கிழமை நல்லா கூட்டம் வருது, அப்புறம் ஏன் இந்த டீமெல்லாம் கட்டுப்படியாகல?

பனிவண்டி
நான் சில வருஷம் ஒரு ரிங்க்ல அக்கவுண்ட்ஸ் பாத்தேன், அதனால தெரிஞ்சத சொல்றேன். மேல் லீக்கான என்எச்எல்லுக்கு டிவி காசு கொட்டுது, இந்த லெவல்ல கேட் கலெக்ஷனும் லோக்கல் ஸ்பான்சரும்தான் சோறு. ஈசிஎச்எல்ல 72 மேட்ச், அதுல பாதி வெளியூர், ஆக வருஷத்துக்கு 36 ராத்திரி கல்லா திறக்குது, அந்தக் காச வச்சு 12 மாசமும் ஓட்டணும். அதுலயும் செவ்வாய், புதன் மேட்ச்சுக்கு வந்து பாருங்க, பாதி சீட் காலியா கிடக்கும். எஸ்பிஎச்எல்ல பெரும்பாலும் வெள்ளி சனியே வைக்கிறாங்க, அது புத்திசாலித்தனம்.

செலவுன்னா எல்லாரும் சம்பளம்னுதான் நினைக்கிறாங்க. கீழ் லீக்ல ஒரு பையனுக்கு வாரத்துக்கு சில நூறு டாலர்தாங்க, அதுக்குப் போய் பல்ல உடைச்சுக்கறானுங்க. பெருசா முழுங்கறது வேலைக் காயத்துக்கான இன்சூரன்ஸ், பஸ், பிளேயர்ஸ் தங்கற வீட்டு வாடகை, ரிங்க் வாடகை. ஒரு ஸ்டிக் 200 டாலருக்கு மேல, ஒரே ஷாட்ல முறிஞ்சு ரெண்டா கிடக்கும். பழைய ரிங்க்னா ஐஸ் உறைய வைக்கிற மெஷின் வேற தலைவலி, அதுல குளிரூட்ட ஓடுற ஆர்-22 கேஸ் அமெரிக்காவுல 2020-லருந்து புதுசா தயாரிக்கவும் கூடாது, இறக்குமதியும் கூடாது, அதுல ஓடுற மெஷின மாத்தணும்னா பெரிய தொகை.

ஆனா எனக்குத் தெரிஞ்சு உயிர்நாடி வேற ஒண்ணு. பார்க்கிங் காசும், பீர், பாப்கார்ன் காசும் யாருக்குப் போகுது? நிறைய ஊர்ல அது அரங்கத்துக்காரனுக்கு. டீம் கூட்டத்தக் கூட்டிட்டு வரும், வாடகையும் கட்டும், லாபம் வர்ற கவுண்டர்ல மட்டும் பங்கு இருக்காது. அந்த லீஸோட எவ்ளோ கூட்டம் வந்தாலும் தேற முடியாது.

மாமி_ஏரிக்கரை
பனிவண்டி சொல்றது நூத்துக்கு நூறு சரி. நாங்க ஒஹாயோ டொலிடோ. இங்க வாலாய் ஹாக்கி டீம் தனி முதலாளி கையில இல்ல, லூகாஸ் கவுன்ட்டி சார்பா லாப நோக்கமில்லாத அமைப்பு ஒண்ணு நடத்துது, மட் ஹென்ஸ் பேஸ்பால் டீமும் அவங்களோடதுதான். கோடையில பேஸ்பால் டிக்கெட் வித்த அதே ஆபீஸ் பனிக்காலத்துல ஹாக்கி டிக்கெட் விக்குது, அதனால மே மாசம் ஆள வீட்டுக்கு அனுப்பிட்டு அக்டோபர்ல புதுசா தேடற வேலை இல்ல. அரங்கமும் கவுன்ட்டியோடது, 2009-ல டவுன்டவுன்ல கட்டினது. மேட்ச் அன்னைக்கு அந்தத் தெருவுல நடந்து பாருங்க, ஹோட்டல்ல நிக்க இடம் இருக்காது. நஷ்டம் வந்தாலும் ராத்திரியோட ராத்திரியா டீம வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போற ஆள் கிடையாது, அதுவே பெரிய நிம்மதி.

அப்புறம் ஜெர்சி ஏலத்த குறைச்சு எடை போடாதீங்கோ. ஒரு நாள் மேட்ச் முடிஞ்சு, வேர்வையில நனைஞ்ச ஜெர்சிய பிளேயர் அங்கயே கழட்டி, கையெழுத்து போட்டு, ஏலம் எடுத்த சின்னப் பொண்ணு தலை வழியா மாட்டி விட்டார். குழந்தைக்கு அது கணுக்கால் வரைக்கும் தொங்குது. அந்தக் குடும்பம் அடுத்த வருஷம் வராம இருக்குமா?

நாடோடி_கோலி
எனக்கு பட்ட அனுபவம் ஒண்ணு, ஊர் பேர் வேண்டாம். சீசன் டிக்கெட் முழுசா காசு கட்டி வாங்கினேன், ஜனவரியில டீம் மூடியாச்சுன்னு ஒரு மெயில், காசு வரவே இல்ல. காசு போனதவிட வேற கவலை என்னன்னா, அதுக்கப்புறம் அந்த ஊர்ல எவனும் முன்கூட்டி டிக்கெட் வாங்கமாட்டான், அடுத்து வர்ற டீமுக்கும் அந்தப் பழி வந்து சேரும். உங்க பக்கத்துல டேன்வில்ல வெர்மிலியன் கவுன்ட்டி பாப்கேட்ஸ் டீம் 2023 பிப்ரவரியில சீசன் நடுவுல நின்னுச்சு, ரெண்டாவது வருஷம்தான் அது. அதனால லீக்தான் கண்டிப்பா இருக்கணும், ஒரு சீசன் செலவுக்கு கையில காசு இருக்கான்னு பாக்காம எவனுக்கும் டீம் குடுக்கக் கூடாது. புது டீம் சேர்ப்புக் கட்டணத்த நம்பி லீக் ஓடினா அது வட்டிக்கு வாங்கி வட்டி கட்ற கதை. தூரமும் முக்கியம், ஜார்ஜியா கொலம்பஸ்லருந்து நியூயார்க் வாட்டர்டவுனுக்கு ஆயிரம் மைலுக்கு மேல, அதையெல்லாம் பஸ்ல ஒரே லீக்ல ஓட்டினா டீசலே தின்னுடும்.

ப்ளூமிங்டன்வாசி
ரொம்ப நன்றிங்க. மாமி, கவுன்ட்டி நடத்தற விஷயம் எனக்கு சுத்தமா தெரியாது. அப்ப தனி முதலாளி இருந்தா நிலைக்கவே நிலைக்காதா?

கோமெட்ஸ்_தாசன்
நிலைக்கும் ப்ரோ, இண்டியானாவுல எங்க ஃபோர்ட் வேன பாருங்க. எங்க கோமெட்ஸ் டீம் 1952-லருந்து இருக்கு. 1990-ல அப்போதைய ஓனர் டீம ஆல்பனிக்கு கொண்டு போயிட்டார், உடனே இங்க ஃப்ராங்க் சகோதரர்கள் ஃப்ளின்ட் டீமோட உரிமத்த வாங்கி, பேர் மாறாம திரும்ப ஆட வச்சாங்க. அப்புறம் 1999-ல ஐஎச்எல் லீக்க விட்டு யுஎச்எல்லுக்குப் போனோம், அந்த ஐஎச்எல் 2001-ல முடிஞ்சுது, அப்புறம் சிஎச்எல்னு லீக் மாறி மாறி 2012-ல ஈசிஎச்எல் வந்தோம். லீக் செத்துச்சு, டீம் சாகல. ஓனர் ஊருக்குள்ளயே இருக்கணும், கடைக்காரன் பேரச் சொல்லிக் கூப்பிடற மாதிரி.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. உங்க அரங்கம் நகராட்சியோடது, அதனால டீமோட போட்ட லீஸ் பொது ஆவணம். நம்ம ஆர்டிஐ மாதிரி இலினாய்ஸ்லயும் சட்டம் இருக்கு, சிட்டி கிளார்க்குக்கு மெயில் போட்டு கேளுங்க. வந்ததும் பார்க்கிங், பீர் காசு யாருக்குன்னு எழுதியிருக்கற பக்கத்த இங்க போடுங்க, சேர்ந்து பாக்கலாம்.