சீன மின்சாரக் கார் வாங்கலாமா? முகம் சுளிக்கும் முன் பேட்டரியைப் பாருங்கள்

எஷ்போர்ன் புதுவரவு:

அண்ணா, வணக்கம். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்து எஷ்போர்னுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. மனைவியும் மூன்று வயது மகளும் அடுத்த மாதம் வருகிறார்கள். கார் இல்லாமலே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் வீடு ரயில் நிலையத்திலிருந்து தள்ளித்தான் கிடைத்தது. எம்.ஜி.4, பி.ஒய்.டி. டால்ஃபின் என்ற இரண்டு மின்சாரக் கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் சொன்னால் "சீனக் காரா?" என்று முகம் சுளிக்கிறார்கள். ஐந்து வருடத்தில் பேட்டரி போய்விடும் என்கிறார் ஒருவர். நிலவறையில் நிறுத்தினால் தீப்பிடிக்கும் என்கிறார் இன்னொருவர். என்ன செய்யட்டும்?

ஸ்டுட்கார்ட் பழையவர்:

தம்பி, முகம் சுளித்தவர் என்ன கார் வைத்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மின்சார மினி கூப்பர் என்றால் அது சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் கட்டப்படுவது. டாசியா ஸ்பிரிங் ஹூபேயிலிருந்து வருகிறது. குப்ரா டவாஸ்கான் அன்ஹுயியிலிருந்து கப்பல் ஏறுகிறது. வோல்வோ 2010 முதல் சீன ஜீலியின் சொத்து. எம்.ஜி. என்ற பிரிட்டிஷ் முத்திரைக்குப் பின்னால் இருப்பது ஷாங்காயின் எஸ்.ஏ.ஐ.சி. சுத்தமான ஜெர்மன் கார்தான் என்று அவர் மார்தட்டினாலும் உள்ளே இருக்கும் பேட்டரி செல் எங்கே பிறந்தது என்று கேளுங்கள். உலகின் மிகப் பெரிய கார் பேட்டரி நிறுவனமான சி.ஏ.டி.எல். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து நிங்டே நகரத்தைச் சேர்ந்தது. ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் ஆர்ன்ஷ்டாட் என்ற சின்ன ஊரில் அதன் தொழிற்சாலை 2022 இறுதியிலிருந்து செல் தயாரிக்கிறது. சீனாவின் கை படாத மின்சாரக் கார்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நீங்கள் நடந்துதான் போக வேண்டியிருக்கும்.

எனவே சீனமா இல்லையா என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். பேட்டரி எந்த வகை, எங்கே சார்ஜ் செய்வீர்கள், உடைந்தால் யார் பழுது பார்ப்பார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் கார் தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் பேட்டரி. கடையில் இரண்டு பெயர்கள் காதில் விழும்: எல்.எஃப்.பி., என்.எம்.சி. முன்னது லித்தியம், இரும்பு, பாஸ்பேட். பின்னது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட். டால்ஃபினில் இருப்பது எல்.எஃப்.பி. எம்.ஜி.4 காரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெளியே ஒரே உடம்பு. ஆனால் 51 கிலோவாட் மணி பேட்டரி எல்.எஃப்.பி., 64ம் 77ம் என்.எம்.சி. விற்பனையாளர் தானாகச் சொல்ல மாட்டார்.

எல்.எஃப்.பி.யில் நிக்கலும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. அதனால் விலை மலிவு. பலமுறை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் தாங்கும். குறை என்னவென்றால் எடைக்கு ஏற்ற ஆற்றல் குறைவு. அதே தூரம் ஓட அதிக எடையுள்ள பேட்டரி வேண்டும். பி.ஒய்.டி. இந்தக் குறையை வடிவத்தால் ஈடுகட்டியது. 1995இல் சீனாவின் ஷென்ஜென் நகரில் பேட்டரிக் கம்பெனியாகத் தொடங்கி, பிறகு கார் செய்யப் போன நிறுவனம் அது. 2020இல் பிளேடு பேட்டரியைக் கொண்டுவந்தது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமன். பீரோவில் சேலைகளை அடுக்குவது போல இந்தச் செல்களை நேராகக் காரின் அடிப்பெட்டிக்குள் அடுக்குகிறார்கள். நடுவில் சிறு பெட்டிகள் இல்லாததால் இடம் மிச்சமாகிறது.

தீ பற்றிக் கேட்டீர்கள். எல்.எஃப்.பி.யில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருக்கிறது. சூடு ஏறினாலும் எளிதில் விடுபடாது. நிக்கல் வகையில் அது விடுபட்டுத் தீக்குத் துணைபோகும். பிளேடு செல்லில் ஆணி அடித்துப் புகையே வராததை பி.ஒய்.டி. காட்டியது. நிறுவனம் தானே நடத்திக் காட்டிய சோதனை அது என்பதையும் மறக்க வேண்டாம். எரியவே எரியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் வீட்டு நிலவறையில் நிறுத்த ஒரு வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எல்.எஃப்.பி.யைத்தான் கைகாட்டுவேன்.

இடையில் ஒன்று. இந்த இரும்பு பாஸ்பேட் கதையில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். தமிழ்நாட்டு அமரபுரத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் லித்தியம் பேட்டரி முன்னோடி ஜான் குட்எனஃபுடன் சேர்ந்து இந்த வகைச் சேர்மங்களுக்கு வழி திறந்தவர். 2019இல் குட்எனஃபுக்கு நோபல் கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரை நிகழ்த்தியவரும் இவர்தான். அலுவலகத்தில் யாராவது மீண்டும் முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

எஷ்போர்ன் புதுவரவு:

நன்றி அண்ணா. எல்.எஃப்.பி. காரை நூறு சதவீதம் சார்ஜ் செய்ய வேண்டும் என்கிறார்கள், போன் பேட்டரிக்கு அது கெடுதல் என்றும் சொல்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

ஸ்டுட்கார்ட் பழையவர்:

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறையக் குறையக் குழாயில் வேகம் குறைந்தால், மாடி ஏறாமலே மீதி எவ்வளவு என்று ஊகிக்கலாம். என்.எம்.சி. அப்படிப்பட்ட தொட்டி. மின்னழுத்தம் படிப்படியாக இறங்கும். எல்.எஃப்.பி. தொட்டியிலோ நிரம்பி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் குழாயில் ஒரே வேகம்தான். செல்லின் அழுத்தம் ஏறக்குறைய 3.2 வோல்ட்டிலேயே நிற்கும். காரின் கணினி போகப்போகத் தப்புக் கணக்குப் போடத் தொடங்கும். வாரம் ஒருமுறை நூறு வரை நிரப்பினால் தொட்டி எங்கே நிரம்புகிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் அந்த அறிவுரை. நூறிலேயே வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பது எந்த வகைக்கும் நல்லதில்லை. ஊருக்கு ஐந்து வாரம் விடுமுறையில் போகிறீர்களா? பாதியளவு சார்ஜில் நிறுத்திவிட்டுப் போங்கள். என்.எம்.சி. என்றால் தினசரிக்கு எண்பது போதும், நெடும்பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் நூறு.

ஐந்து வருடத்தில் பேட்டரி போய்விடும் என்பவரிடம் உத்தரவாதத் தாளைக் காட்டுங்கள். எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், அதற்குள் கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்பதே இந்தச் சந்தையில் வழக்கமான உறுதி. காருக்கு எம்.ஜி. ஏழு ஆண்டு தருகிறது. ஆனால் பராமரிப்பு அட்டவணையைத் தவறவிட்டால் உத்தரவாதத்தில் சிக்கல் வரும். அந்தச் சிறிய எழுத்தை ஜெர்மன் தெரிந்த நண்பரோடு உட்கார்ந்து படியுங்கள்.

குளிர்தான் உண்மையான பரீட்சை. என் காரும் எல்.எஃப்.பி. முதல் ஜனவரியில், இரவு முழுவதும் தெருவில் நின்ற காரை எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு ஆட்டோபான் நெடுஞ்சாலை ஓரத்து விரைவு சார்ஜருக்குப் போனேன். வெளியே மைனஸ் ஒன்பது. பலகையில் 150 கிலோவாட் என்று எழுதியிருந்தது. திரையில் 24 வந்தது, பிறகு 26. ஹீட்டரைப் போட்டால் வந்ததில் ஒரு பங்கை அதுவே தின்றது. பிளாஸ்கில் இருந்த காப்பி தீர்ந்தது, பையனின் பொறுமையும் தீர்ந்தது. ஐம்பது நிமிடம். சார்ஜரில் குற்றமில்லை. உறைந்த பேட்டரிக்குள் வேகமாகத் திணித்தால் லித்தியம் உலோகமாகவே மின்வாயில் படிந்து செல்லைக் கெடுத்துவிடும். அதனால் காரே வாயைச் சுருக்கிக்கொள்கிறது. அன்றிலிருந்து ஊர் வந்து சேர்ந்தவுடன், பேட்டரி சூடாக இருக்கும்போதே சார்ஜ் போட்டுவிடுகிறேன். வாங்கும்போது குறைந்த மின்சாரத்தில் காருக்குள் சூடாக்கும் ஹீட் பம்ப் உண்டா, சார்ஜருக்குப் போகும் வழியில் பேட்டரியைச் சூடாக்கும் வசதி உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மலிவான பதிப்பில் இவற்றில் ஒன்று இல்லாமல் போகலாம்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். பொங்கலுக்கு நீங்கள் குடும்பத்தோடு ஹம் ஊர்க் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். 51 கிலோவாட் மணி எம்.ஜி.4 காருக்கு விளம்பரத்தில் 350 கிலோமீட்டர் போட்டிருக்கும். பூஜ்ஜியம் டிகிரியில் 130 வேகத்தில் போனால் நூறு கிலோமீட்டருக்கு 25 கிலோவாட் மணி எளிதாகச் செலவாகும். முழுசாகத் தீர்த்தாலே 200. நடைமுறையில் பத்திலிருந்து தொண்ணூறு விழுக்காடு வரைதான் பயன்படுத்துவோம் என்றால் 160. வழியில் ஒரு நிறுத்தம் கட்டாயம். வேகத்தை 110க்குக் குறைத்தால் நிலைமை கணிசமாக மாறும்.

ஒஸ்லோவிலிருந்து:

அண்ணை சொல்வது சரி. நோர்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது அளவில் மின்சாரக் கார்தான். பி.ஒய்.டி. தன் பயணிகள் காரை ஐரோப்பாவில் முதலில் இறக்கியதும் 2021இல் இங்கேதான். எங்களுக்குக் குளிர் புதிதில்லை. காலையில் புறப்பட அரை மணித்தியாலத்துக்கு முன், கார் சார்ஜரில் இருக்கும்போதே உள்ளே சூடாக்கிவிடுவோம். அந்த மின்சாரம் வீட்டிலிருந்து போகும், பற்றரியிலிருந்து போகாது. இன்னொன்று: ஐரோப்பிய ஒன்றியம் போட்ட கூடுதல் வரி நோர்வேயில் இல்லை. ஜேர்மனியில் விலை ஏன் வேறாக இருக்கிறது என்று தம்பி யோசித்தால் அதுவும் ஒரு காரணம்.

ஸ்டுட்கார்ட் பழையவர்:

ஆமாம், அந்த வரியைச் சொல்ல விட்டுப்போனது. 2024 அக்டோபர் இறுதியிலிருந்து சீனாவில் தயாராகும் மின்சாரக் கார்களுக்கு, ஏற்கெனவே இருந்த பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் வரி. பி.ஒய்.டி.க்கு 17, ஜீலிக்கு 18.8, எம்.ஜி. செய்யும் எஸ்.ஏ.ஐ.சி.க்கு 35.3. வரி முத்திரைக்கு அல்ல, தயாரான இடத்துக்கு. ஷாங்காயிலிருந்து வரும் டெஸ்லாவுக்கும் 7.8 உண்டு. பி.ஒய்.டி. ஹங்கேரியின் செகெட் நகரில் கட்டிய ஆலையின் பயன் இதிலிருந்தே புரியும்.

இப்போது சார்ஜ் செய்யும் இடம். இதில்தான் புதிதாக வந்தவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். வீட்டில் வால்பாக்ஸ் என்ற சுவர் சார்ஜர் இருந்தால் யூனிட் 35 சென்ட் அளவில் முடியும். நெடுஞ்சாலை விரைவு சார்ஜரில் சந்தா இல்லாமல் போட்டால் 70, 80 சென்ட் வரை போகும், அப்போது பெட்ரோல் காரைவிடச் செலவு அதிகம். வாடகை வீடு என்று தயங்க வேண்டாம். 2020 டிசம்பரிலிருந்து, சார்ஜ் வசதி அமைக்க அனுமதி கேட்க வாடகைதாரருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. செலவு உங்களுடையது. நிர்வாக அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் பதில் வர மாதங்கள் ஆகும் என்பதால் காருக்கு முன்பே கடிதம் போகட்டும். 11 கிலோவாட் வால்பாக்ஸை மின்விநியோக நிறுவனத்திடம் பதிவும் செய்ய வேண்டும். தெருவோரச் சார்ஜ் கம்பங்களில் நான்கு மணி நேரத்துக்கு மேல் காரை விட்டால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று பிடிக்கும் சேவைகள் உண்டு. தூங்கி எழுந்தால் பில் சிரிக்கும்.

பழுதுபார்ப்பு பற்றி என் சொந்த அனுபவம். வாகன நிறுத்துமிடத்தில் ஒருவர் பின்விளக்கை உடைத்துவிட்டார். தப்பு அவருடையது, காப்பீடும் பேசாமல் ஒப்புக்கொண்டது. விளக்கு வர ஒன்பது வாரம். அதுவரை பட்டறைக்காரர் சிவப்பு டேப் ஒட்டி அனுப்பினார். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை, புதிதாக வந்த எந்த முத்திரைக்கும் இது நடக்கலாம். கிரேட் வால் என்ற சீனக் கார் நிறுவனம் 2024 ஆகஸ்டில் மியூனிக்கில் இருந்த தன் ஐரோப்பியத் தலைமையகத்தையே மூடிவிட்டது. அதனால் உங்கள் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் அங்கீகாரம் பெற்ற பட்டறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு சனிக்கிழமை நேரிலேயே போய், முன் பம்பருக்கு எத்தனை நாள் என்று விசாரியுங்கள். அந்த மனிதர் பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

காப்பீட்டில் புதியவர்களுக்கு ஓர் அடி விழும். விபத்தில்லா ஆண்டுகளின் கணக்கு இங்கே பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். இந்தியக் காப்பீட்டு நிறுவனம் தரும் கடிதத்தைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை, ஆனாலும் கேட்பதில் நட்டமில்லை. முழுக் காப்பீட்டில் பேட்டரிச் சேதம் தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, மார்டர் கடித்ததால் வரும் பின்விளைவும் அடங்குமா என்று பாருங்கள். நம் மரநாய்க்குத் தூரத்து உறவு போல ஒரு பிராணி அது. இரவில் கார் அடியில் புகுந்து வயரைக் கடிப்பதே அதற்கு வேலை.

உங்கள் இந்திய ஓட்டுநர் உரிமம் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். இப்போதே நான்கு ஆகிவிட்டது, இந்த வாரமே பயிற்சிப் பள்ளிக்குப் போங்கள். தேர்வுக்கு ஆட்டோமேட்டிக் வண்டியை மட்டும் எடுத்தால் உரிமமும் அதற்கு மட்டுமே கிடைக்குமா என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

எஷ்போர்ன் புதுவரவு:

அப்படியானால் விலைக்கு வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா அண்ணா?

ஸ்டுட்கார்ட் பழையவர்:

என் கருத்து: முதல் கார் லீஸ். மின்சாரக் கார்களின் மறுவிற்பனை விலை இங்கே நிலையாக இல்லை. ஜெர்மன் அரசு மானியத்தை 2023 டிசம்பரில் ஒரே வார இறுதியில் நிறுத்தியதைப் பார்த்தவன் நான். புது முத்திரைகளுக்கு மதிப்பு எவ்வளவு சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பயத்தை லீஸ் கம்பெனி சுமக்கட்டும். தவணைக்காலம் முழுவதற்கும் உங்கள் குடியிருப்பு அனுமதி செல்லுபடியாக வேண்டும் என்று பல வங்கிகள் கேட்கும். விசா இரண்டு வருடம் என்றால் மூன்று வருட லீஸுக்கு அலைய வேண்டாம்.

பழைய கார் வாங்குவதானால் பேட்டரியின் உடல்நிலைச் சான்றிதழ் இல்லாமல் பணத்தை நீட்டாதீர்கள். மூன்று ஆண்டு ஓடிய காரில் பேட்டரியின் முதல் கொள்ளளவில் 90 விழுக்காடு இருந்தால் எனக்குத் திருப்தி. 2027 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புது மின்சாரக் கார் பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம், நாளை பழைய கார் வாங்குபவர்களுக்கு அது உதவும். சீனாவிலிருந்து யாராவது தனியாக இறக்கியது என்று மலிவாகக் காட்டினால் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். அதன் சார்ஜ் வாய் இந்த ஊர்ச் சார்ஜருக்குப் பொருந்தாது, பதிவு செய்வதும் தலைவலி.

சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது மகளுக்கு வாங்கப்போகும் கார் சீட்டை முதலில் வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். இங்கே 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரை அது கட்டாயம். பின் இருக்கையில் அதைப் பொருத்தி, முன்னால் உங்கள் உயரத்துக்கு நாற்காலியைத் தள்ளி, பிறகு ஆட்டோபானில் ஏறிப் பத்து கிலோமீட்டர் 120இல் ஓட்டிவிட்டுத் திரையில் செலவைப் பாருங்கள். அந்த எண்ணை இங்கே எழுதுங்கள், மீதியைப் பேசலாம்.