ஏர் ஃப்ரையரில் சிக்கனும் காய்கறியும்: ஒரே கூடையில் இரவுச் சாப்பாடு (அனுபவப் பகிர்வு)

சிக்கனையும் காயையும் மொத்தமா கொட்டி, 180-ல 20 நிமிஷம் வச்சுட்டு வந்து திறந்தா என்ன இருக்கும்? சிக்கன் அவிச்ச மாதிரி வெளுத்திருக்கும், குடைமிளகாய் துவண்டுபோயிருக்கும், கேரட் மட்டும் நறுக் நறுக்குன்னு இருக்கும். எது எப்போ உள்ளே போகணும்கிறதுதான் இதுல பாதி வேலை.

4 லிட்டர் கூடைக்கு, மூணு பேருக்கான அளவு இது. எலும்பில்லாத தொடைக்கறி 400 கிராம், 3 முதல் 4 செ.மீ. துண்டுகள். உப்பு முக்கால் தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 2 தேக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த் தூள் ஒன்றரை, மல்லித்தூள் 1, மஞ்சள் கால், மிளகுத்தூள் அரை, சோம்புத்தூள் ஒரு சிட்டிகை. கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி, கடலை எண்ணெய் 2 தேக்கரண்டி. பிசறி அரை மணி நேரம் வச்சா போதும்.

காய் 300 கிராம்: ஒரு கேரட் (1 செ.மீ. கனம்), ஒரு கைப்பிடி காலிஃபிளவர், ஒரு குடைமிளகாய், ஒரு பெரிய வெங்காயம். வெங்காயத்தை நீளவாக்கில வெட்டாம, சதுரமா வெட்டி இதழ் இதழா பிரிச்சுக்கோங்க. இதுக்குத் தனியா 2 தேக்கரண்டி எண்ணெய், கால் தேக்கரண்டி உப்பு.

கூடையை 190-ல 3 நிமிஷம் காலியா சூடு பண்ணுங்க. கேரட், காலிஃபிளவர் முதல்ல, 5 நிமிஷம். அதை ஓரமா ஒதுக்கி சிக்கனைப் பரப்பி 8 நிமிஷம். இப்போ சிக்கனைத் திருப்பிப் போட்டு, குடைமிளகாயும் வெங்காயமும் சேர்த்து இன்னும் 6 நிமிஷம். கடைசி 2 நிமிஷம் 200. வெளியே எடுத்ததும் எலுமிச்சை பிழிஞ்சு, 5 நிமிஷம் விட்டுப் பரிமாறலாம். மூணு பேருக்கும் சேர்த்து மொத்த எண்ணெயே 4 தேக்கரண்டிதான், ஆளுக்கு ஒன்றரைகூட வராது. ரெண்டு சப்பாத்தியோட முடிச்சுக்கலாம், சோறே வேண்டியதில்ல.

* * *

அளவெல்லாம் சரி சகோ. ஒண்ணு விட்டுட்டீங்க: ஈரம். கடையிலிருந்து வந்த கறியை அலசி, நீரை வடிக்காம மசாலா போட்டா எந்த நேரக் கணக்கும் வேலைக்கு ஆகாது. மேல்பரப்புல தண்ணி இருக்கிற வரைக்கும் அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து மணக்கிறதுக்கு ஏறக்குறைய 140 வேணும். தண்ணி வத்திச் சிவக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள உள்பக்கம் வெந்து சக்கையாகியிருக்கும்.

அலசாம இருக்கிறதுதான் நல்லது, அலசறப்போ தெறிக்கிற தண்ணியோட கிருமியும் சிங்க் முழுக்கப் பரவும். மஞ்சள் போட்டுக் கழுவாம மனசு ஒப்பாதுன்னா, வடிகூடையில 15 நிமிஷம் வச்சு, துணியால இல்ல, டிஷ்யூ பேப்பரால ஒத்தி எடுத்துப் பேப்பரை எறிஞ்சிடுங்க. தயிரும் அப்படியே: நீர்த்த தயிர்னா வடிகட்டியில அரை மணி நேரம் வச்சுட்டுப் போடுங்க. இல்லேன்னா மசாலா முழுக்க அடித்தட்டுல, சிக்கன் வெள்ளையா மேல.

* * *

தொடைக்கறி சொன்னதுக்கு ஒரு சபாஷ். நெஞ்சுக்கறிதான் 'ஹெல்தி'ன்னு வாங்கிட்டு வந்து, அதே நேரத்துக்கு வச்சு, ரப்பர் மாதிரி இருக்குன்னு மெஷினைத் திட்டறவங்கதான் அதிகம். நெஞ்சுல கொழுப்பு கிட்டத்தட்ட இல்ல. உள்வெப்பம் 74 டிகிரி தொட்டா உடனே எடுக்கணும், 80-ஐத் தாண்டினா வறட்சி. தொடை 80, 85 போனாலும் மெத்துனு இருக்கும்.

நெஞ்சுக்கறிதான் வேணும்னா 4 செ.மீ.க்குக் குறையாம வெட்டுங்க, முதல் பக்கம் 6, திருப்பி 4 அல்லது 5 நிமிஷம். எலுமிச்சைச் சாறு ஊத்தி ராத்திரி முழுக்க ஊறவைக்கறது வேண்டாம், வெளிப்பக்கம் மாவு மாதிரி ஆகிடும். புளிப்பு வேணும்னா கடைசியில பிழியுங்க. முன்னூறு, நானூறு ரூபாய்க்கெல்லாம் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் கிடைக்குது. ஏர் ஃப்ரையர் வாங்கினவங்க முதல்ல அதை வாங்கலாம், சிலிக்கான் அச்சு, ஸ்டாண்டு எல்லாம் அப்புறம்.

* * *

எலும்போட போடறவங்களுக்கு: முழு லெக் பீஸ்னா கனமான இடத்துல எலும்பு வரைக்கும் ரெண்டு கீறல், 190-ல 22 முதல் 25 நிமிஷம், பாதியில திருப்பணும். கறி வெட்டு துண்டுன்னா 180-ல 18 முதல் 20. இதெல்லாம் பிராய்லருக்கு.

நாட்டுக்கோழியை நேரா உள்ளே வைக்காதீங்க. அதோட தசை ஈரத்துல மெதுவா வெந்தாத்தான் இளகும், காத்துல வச்சா இறுகும். குக்கர்ல உப்பு மஞ்சளோட 4 விசில் விட்டு, தண்ணியை வடிச்சு (அதுல ரசம் வைங்க, கொட்டிடாதீங்க), துண்டுல மசாலா தடவி 200-ல 7, 8 நிமிஷம். அப்போதான் வறுவல்னு சொல்ற மாதிரி வரும்.

* * *

லெக் பீஸ்ல எலும்பு ஓரமா சிவப்பா இருந்தா வேகலைன்னுதானே அர்த்தம்? 25 நிமிஷம் வச்சும் அப்படித்தான் இருக்கு.

* * *

இல்லீங்க. பிராய்லர் இளங்கோழி, அதோட எலும்பு முழுசா இறுகியிருக்காது. உள்ளே இருக்கிற மஜ்ஜையிலிருந்து நிறம் கசிஞ்சு பக்கத்துச் சதையில ஏறும். ஃப்ரீசர்ல வச்ச கறின்னா இன்னும் கருஞ்சிவப்பா தெரியும். நிறத்தை நம்பாம, எலும்பைத் தொடாம கனமான சதையில தெர்மாமீட்டரைக் குத்துங்க. 74 காட்டினா சாப்பிடலாம். தெர்மாமீட்டர் இல்லேன்னா கத்தி நுனியால குத்தி, வர்ற சாறு தெளிவா இருக்கான்னு பாருங்க. சதையே வழுவழுன்னு கண்ணாடி மாதிரி இருந்தா இன்னும் 4 நிமிஷம் வைங்க. ஐஸ் முழுசா விடாத கறியிலயும் இப்படி ஆகும், வெளியே கருகி நடுவுல பச்சையா நிக்கும். ஃப்ரீசர்ல இருந்து முந்தின நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுக்கு மாத்திடுங்க.

* * *

யாருமே கரண்ட் பத்திப் பேசலையே. 1500 வாட் மெஷின் 230 வோல்ட்ல ஆறரை ஆம்ப்ஸ் இழுக்கும். மிக்ஸி மாட்டற சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்ப்ஸுக்குத்தான். பெரிய பவர் பிளக்லதான் மாட்டணும், எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. பிளக் தொட்டா சுடுதுன்னா அன்னிக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

இன்னொண்ணு, சாயங்காலம் வோல்டேஜ் 200-க்கு இறங்குற ஊர்ல கம்பிச்சுருள் தர்ற சூடு ஏறக்குறைய கால்வாசி குறையும். ஒரே அளவு, ஒரே மசாலா, மத்தியானம் 16 நிமிஷத்துல ஆனது ராத்திரி 20 பிடிக்குதுன்னா உங்க கையில தப்பில்ல. நடுவுல கூடையை அடிக்கடி இழுத்துப் பார்க்கிறதைக் குறைங்க, திரும்பச் சூடேறவே நேரம் ஆகும்.

* * *

காய்க்கு வருவோம். பூசணி, உருளை, சர்க்கரைவள்ளி, கேரட் எல்லாம் சிக்கனுக்கு முன்னாடி. உருளை 2 செ.மீ. துண்டுக்கு 18 நிமிஷம் ஆகும், அதனால சிக்கனுக்குக் குறைஞ்சது 5 நிமிஷம் முன்னாடியே போகணும். வெட்டி அரை மணி நேரம் தண்ணியில போட்டு, நல்லாத் துடைச்சுப் போடுங்க. பொன்னிறத்தோட நிறுத்துங்க, கரும்பழுப்பு வரைக்கும் விடாதீங்க, அக்ரிலமைடுன்னு ஒரு வேண்டாத பொருள் அப்போதான் கூடும். பீன்ஸ், காளான், குடைமிளகாய் சிக்கனோட பின்பாதியில. வெண்டைக்காயைக் கழுவித் துடைச்சு, நீளமா ரெண்டா பிளந்து 10 நிமிஷம், மொறுமொறுன்னு வரும், உப்பைக் கடைசியில தூவுங்க.

தக்காளி வேண்டாம், தண்ணி விட்டு எல்லாத்தையும் அவிச்சுடும். கீரையும் வேண்டாம், விசிறிக் காத்துல பறந்து மேலே கம்பிச்சுருள்ல ஒட்டிக் கருகும். கறிவேப்பிலைக்கும் அதே கதி. எண்ணெய்ல பிசறி, துண்டுகளுக்கு அடியில செருகி, கடைசி 1 நிமிஷம் மட்டும் போதும்.

சிக்கன் ஊறின பாத்திரத்துல மிச்சம் இருக்கிற மசாலாவைக் கடைசியில காய் மேல வழிச்சுவிடற பழக்கம் இருந்தா நிறுத்திடுங்க. அது பச்சைக்கறிச் சாறு.

* * *

65 மாதிரி வேணும்னு நீர்த்த மாவுக் கலவையில முக்கிப் போடறவங்களுக்கு: எண்ணெய்ல விழுந்தாத்தான் அந்த மாவு உடனே இறுகும். இங்கே ஓட்டை வழியா ஒழுகி, கூடையோட ஒட்டிக்கும், பிய்க்கிறப்போ கறியும் சேர்ந்து வரும். 400 கிராமுக்கு 1 மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், 1 மேசைக்கரண்டி அரிசி மாவு, தயிர் மசாலாவோடவே பிசறிடுங்க. மாவு வெள்ளை வெள்ளையா தெரிஞ்சா அந்த இடத்துல எண்ணெய் படலைன்னு அர்த்தம், பிரஷ்ஷால தொட்டு வைங்க.

பட்டர் பேப்பர் போடறதுன்னா கறியை வச்சப்புறம்தான். காலியா சூடு பண்றப்போ போட்டா மேலே பறந்து சுருள்ல பட்டுத் தீஞ்சுடும். கூடை முழுக்க மூடினாலும் பிரயோஜனம் இல்ல, ஓட்டைகள் வழியா காத்து சுத்தறதுதான் இந்த மெஷினே.

* * *

தோலோட வாங்கினா புகை வரும், கொழுப்பு கீழ்த்தட்டுல சொட்டிக் கருகறதால. கூடைக்கு அடியில இருக்கிற தட்டுல 3 மேசைக்கரண்டி தண்ணி விட்டுட்டா அடங்கும். செக்கு நல்லெண்ணெய்யும் 200-ல புகையும், கடலை எண்ணெய் ரீஃபைண்டா இருந்தா தொந்தரவில்ல.

கழுவறப்போ கம்பி நார் வேண்டாம். சூடு ஆறினதும் வெந்நீரும் ரெண்டு சொட்டு சோப்பும் விட்டு 20 நிமிஷம் ஊறவச்சா, மஞ்சக்கறையைத் தவிர எல்லாம் ஸ்பாஞ்சுக்கே வந்துடும். மெஷின் நல்லா ஆறினப்புறம் பிளக்கைக் கழட்டித் தலைகீழா சாய்ச்சு, சுருளை ஈரத்துணியால துடைங்க. போன வாரத்து மசாலா வாசனை இன்னிக்குச் சிக்கன்ல வருதுன்னா அங்கேதான் ஒட்டியிருக்கும்.

மிஞ்சினதை 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க. மறுநாள் 170-ல 5 நிமிஷம், காயைக் கடைசி 2 நிமிஷம் மட்டும்.