மறு: ‘நியர் ஃபால்’ – தமிழ்ல என்ன வைக்கலாம்? (ஜி1 ஃபைனல் ரிவியூவுக்காக)

எல்லாருக்கும் வணக்கம், ஜப்பான் ப்ரோ ரெஸ்லிங்ல வருஷா வருஷம் நடக்கற ஜி1 போட்டியோட ரிவியூவுக்குத் தமிழ்ச் சொல் தேடறோம்ல, அதுல நியர் ஃபாலுக்கு வந்த யோசனைகளைப் பத்தி:

> நியர் ஃபால் = அண்மைவீழ்ச்சி. சுருக்கமா இருக்கு, இதையே வச்சுக்கலாமே.

ஐயா கோவிச்சுக்காதீங்க, அண்மைவீழ்ச்சின்னா பக்கத்துல எங்கயோ அருவி இருக்குன்னு நினைச்சுக்குவாங்க. அதைக் கூட விட்டுடலாம், பொருளே இடிக்குதே. ரெஃப்ரீ மேட்டை மூணு தடவை தட்டணும், மூணாவது தட்டுக்கு கை கீழ வந்துட்டே இருக்கு, அந்தக் கடைசித் துளில கீழ கிடக்கறவன் தோளைத் தூக்கிடறான். கூட்டம் கத்தறது அவன் விழப்போனதுக்கு இல்லை, தப்பிச்சதுக்கு. ஜப்பான்ல இதை ‘கவுண்ட் 2.9’ன்னே சொல்றாங்க, சொல்லும்போதே எவ்ளோ கிட்டன்னு தெரிஞ்சுடுது.

நம்ம குஸ்தில இதுக்குச் சொல் தேடி பிரயோஜனம் இல்லை, ஏன்னா அங்க முதுகு மண்ல பட்டா அத்தோட முடிஞ்சுது, மூணு எண்ற பேச்சே கிடையாது.

> நூலிழைத் தப்பு – எப்படி?

இது கிட்ட வந்துடுச்சு, ஆனா தப்புன்னு முடியறதால ‘இந்த மேட்ச்ல ஏழு நூலிழைத் தப்பு’ன்னு எழுதுனா என்னமோ பிழை கண்டுபிடிச்ச மாதிரி ஆயிடுது. மயிரிழைன்னு வைக்கலாம்னு ஒருத்தர் சொன்னார், அதைப் போட்டா கமெண்ட்ல என்னென்ன வரும்னு உங்களுக்கே தெரியும், வேணாம். என் யோசனை வால வெட்டிட்டு வெறும் ‘நூலிழை’. ஏற்கெனவே நூலிழைல தப்பிச்சான்னுதான் பேசறோம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சும்மா ரெண்டு எண்ணிக்கைலயே எந்திரிக்கறதுக்கு ‘உதறல்’ போதும், எல்லா உதறலும் நூலிழை ஆகாது. இந்தப் பிரிவு இல்லாமதான் நிறைய ரிவியூல கிக்அவுட் (தோளைத் தூக்கித் தப்பிக்கறது) எத்தனைன்னு எண்ணி ஸ்டார் போட்டுட்டுப் போயிடறாங்க.

ஒரு ஃபைனல் எவ்ளோ நல்லா இருந்துச்சுன்னு பாக்கறப்ப நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், கை கீழ வரும்போது முடிஞ்சுதுன்னு நான் நம்பினேனா. 2020 ஃபைனலை எடுத்துக்குங்க, டோக்கியோ ரியோகோகு அரங்கத்துல ஐபுஷியும் சனாடாவும். கொரோனா டைம், கத்தக் கூடாது, கைதட்டு மட்டும்தான். ஐபுஷி அதுக்கு முந்தின வருஷமே ஜெயிச்சவர், சனாடாவுக்கு அதுதான் முதல் ஃபைனல், அதனால யார் ஜெயிச்சாலும் நம்பற மாதிரிதான் இருந்துச்சு, ஆனா நூலிழை வந்த இடத்துலயெல்லாம் சவுண்டு வர வேண்டிய இடம் காலியாவே கிடக்கு, கூட்டத்தோட அந்த ‘ஓ’ இல்லாம 35 நிமிஷம் ரொம்ப நீளமாத் தெரிஞ்சுது. மல்லர்கள் மேல குத்தமே இல்லை. அதனால நூலிழைக்கு வரையறை எழுதும்போது ‘பார்வையாளர் தோல்வின்னு நம்பிய’ங்கறது கண்டிப்பா உள்ள இருக்கணும்னு நினைக்கறேன், எண்ணிக்கையை மட்டும் வச்சு எழுதுனா பத்தாது.

---

மறு: மறு:

அண்ணே, நூலிழைக்கு என் ஓட்டு. ஆனா 2017 ஃபைனலை என்ன பண்ணப் போறீங்க? ஆகஸ்ட் 13, நைட்டோ – ஒமேகா, 34 நிமிஷம் சொச்சம், ரெஸ்லிங் விமர்சகர் மெல்ட்சர் ஐந்தேமுக்கால் ஸ்டார் குடுத்தது. அதுல எனக்கு நெஞ்சு நின்னது எண்ணிக்கை நடக்கும்போது இல்லை, ஒமேகா நைட்டோவைத் தோள் மேல உட்கார வச்சு, மேட்ச்சை முடிக்கற தன்னோட அடியான ஒன் விங்டு ஏஞ்சலுக்குத் தூக்கும்போது. அது விழுந்தா அவ்ளோதான்னு எல்லாருக்கும் தெரியும், அதுவரை அதுல இருந்து எந்திரிச்சது ஐபுஷி ஒருத்தர், அதுவும் 2012ல. நைட்டோ அதுல இருந்து நழுவிட்டார், ரெஃப்ரீ மேட்டைத் தொடவே இல்லை, ஆனா அதுவும் தப்பிச்சதுதானே? நூலிழைல சேத்துக்கலாமே.

---

மறு: மறு: மறு:

தம்பி, நல்ல இடத்துல பிடிச்சீங்க, ஆனா சேக்க வேணாம். சேத்தா சொல் இளகிப் போயிடும், அப்புறம் பிடியை விடுவிக்க கயித்துல கால் வச்சதெல்லாம் நூலிழைன்னு வந்து நிப்பாங்க. எண்ணிக்கை ஆரம்பிச்சிருக்கணும், அதுதான் கோடு. நீங்க சொல்றதுக்கு ‘பிடிநழுவல்’னு தனியா வச்சுக்கலாம்.

எனக்குக் கேட்டா 2017 ஃபைனலோட பலமே அந்தப் பிடிநழுவல்தான். ஒமேகா முந்தின நாள்தான் அதே அரங்கத்துல ஒகாடாவை ஜெயிச்சுட்டு வந்திருக்கார், அதுக்கு முந்தின வருஷம் ஜி1 ஜெயிச்ச முதல் வெளிநாட்டுக்காரர் வேற, அந்த ஆயுதத்தை கையிலயே வச்சுக்கிட்டு நிக்கறார். எதிர்ல நைட்டோ, 2013ல இதே கப்பை ஜெயிச்சுட்டு ரசிகர் ஓட்டெடுப்புல, வருஷத்தோட பெரிய ஷோவான ஜனவரி 4 மெயின் ஈவெண்ட்டைப் பறிகுடுத்தவர். அதனால ஒவ்வொரு தடவை அவர் நழுவும்போதும் அந்த நாலு வருஷமும் சேந்து நழுவுது. ஒன் விங்டு ஏஞ்சலைப் போட்டு அதுலயும் எந்திரிக்க விட்டிருந்தா அன்னிக்கு ஒரு பெரிய நூலிழை கிடைச்சிருக்கும், அதுக்கப்புறம் அந்த அடிக்கு மதிப்பே இருந்திருக்காது. செலவு பண்ணாம வச்சது புத்திசாலித்தனம். எண்ணிக்கையை மட்டும் பாத்து ஸ்டார் போடறவங்களுக்கு இது கணக்குல வராது.

2021 ஃபைனலுக்கு இந்த ரெண்டுமே ஒட்டாது, ஐபுஷி மேல் கயித்துல இருந்து குட்டிக்கரணம் அடிச்சுப் பாயற ஃபீனிக்ஸ் ஸ்ப்ளாஷ் தவறி விழுந்து தோள் போய் ரெஃப்ரீயே நிறுத்திட்டார், ஒகாடாவுக்கு கப். அதை ஸ்டார் போட்டு மதிப்பிடறதே எனக்குச் சரியாப் படலை.

பட்டியல்ல இப்போதைக்கு இப்படிப் போடறேன்: உதறல், நூலிழை, பிடிநழுவல். வரையறையை ஐயா கொஞ்சம் இலக்கணம் பாத்துக் குடுங்க. அடுத்தது ‘செல்லிங்’ (வாங்குன அடி வலிக்குதுன்னு காட்டறது), அதுக்கு ‘வலிநடிப்பு’ன்னு யாரும் ஆரம்பிச்சுடாதீங்க, மல்லர் தனாஹாஷியோட முட்டியைப் பாத்தவங்க யாரும் அதை நடிப்புன்னு சொல்ல மாட்டாங்க.